உங்களுக்குத் தெரியுமா? சில்லுக்குள் ஒரு 512 பைட் பதிவேடு

கன்னியாகுமரி மாவட்டக் கீரிப்பாறையில் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களோடு கத்தியும் வாளியும் போவதுபோல இப்போது கைபேசியும் போகிறது. மழை நாளில் அதற்கு ஒரு பாலிதீன் உறை. அப்படிக் காட்டுக்குப் போய்வந்த பழைய கைபேசி ஒன்று, நான் உட்கார்ந்திருந்த சர்வீஸ் கடை மேஜைக்கு வந்தது.

"தம்பி, நான் அழிச்ச மெசேஜ் எல்லாம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா திரும்ப வந்து கெடக்கு. இது என்ன சீக்கு?"

"அக்கா, போட்டோவ வேற எங்கயாவது எடுத்து வச்சிருக்கியளா?"

"இல்லியே. மகளுக்க கல்யாணப் படம் முழுசும் இதுலல்லா கெடக்கு."

கடையில் வேலை பார்க்கும் தம்பி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேபிளைச் சொருகி முதலில் படங்களை மடிக்கணினிக்கு இழுக்கத் தொடங்கினார். அவர் ஏன் அவசரப்பட்டார் என்பதற்கான பதில், கைபேசியின் சேமிப்புச் சில்லுக்குள் இருக்கும் 512 பைட் பதிவேட்டில் இருந்தது. இந்த வாரப் பத்தி முழுக்க அதைப் பற்றித்தான்.

● விலை குறைந்த கைபேசி, டேப்லெட், செட்டாப் பாக்ஸ், சிறு கணினிப் பலகை ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு. நம் படங்கள் இருக்கும் இடத்துக்கு அப்பால், அதற்குள் தன்னைப் பற்றி அதுவே வைத்திருக்கும் குறிப்பேடு ஒன்று உண்டு. பெயர் எக்ஸ்ட்-சிஎஸ்டி ரெஜிஸ்டர். மொத்தம் 512 பைட். 0 முதல் 191 வரையுள்ள பைட்கள், சில்லு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வெளியிலிருந்து நாம் சொல்லும் இடம். 192 முதல் 511 வரை, தான் எப்படிப்பட்டது என்று சில்லு நமக்குச் சொல்லும் இடம். அங்கே வாசிக்கலாம், எழுத முடியாது.

● அந்தப் பதிவேட்டை வாசிக்கவும் எழுதவும் லினக்ஸில் ஒரு கட்டளைக் கருவி இருக்கிறது. தொகுப்பின் பெயர் எம்எம்சி-யுடில்ஸ்; தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளை வெறும் 'எம்எம்சி'. அதற்குப் பின்னால் 'எக்ஸ்ட்-சிஎஸ்டி ரீட்' என்று கொடுத்து, சில்லின் பெயரையும் சொன்னால் பக்கம் பக்கமாக விவரம் கொட்டும். 'எக்ஸ்ட்-சிஎஸ்டி ரைட்' என்று கொடுத்து, எத்தனையாவது பைட், என்ன மதிப்பு என்று இரண்டு எண்களைச் சேர்த்தால் எழுதிவிடும். சன்னல் திறந்து 'உறுதியாகவா?' என்று கேட்காது. எண்டர் தட்டிய கணத்தில் வேலை முடிந்திருக்கும்.

● உள்ளே நடப்பது என்ன? வாசிக்கும்போது சில்லுக்குப் போவது 8ஆம் எண் கட்டளை. எழுதும்போது போவது 6ஆம் எண் கட்டளை. அந்த 6ஆம் கட்டளையின் 32 பிட்டுக்குள் எந்த பைட், என்ன மதிப்பு, எப்படி மாற்றுவது என்ற மூன்றும் அடங்கிவிடுகின்றன. மாற்றும் விதமும் மூன்று: குறித்த பிட்களை மட்டும் ஏற்றலாம், குறித்த பிட்களை மட்டும் இறக்கலாம், அல்லது பைட் முழுவதையும் புதிதாக எழுதலாம். சில்லின் நடத்தையை நிரந்தரமாக மாற்ற இந்த ஒற்றைக் கட்டளை போதும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

● எம்எம்சி-யுடில்ஸை முதலில் பேணி வந்தவர் கிறிஸ் பால். லினக்ஸ் கருநிரலில் இந்த வகைச் சில்லுகளுக்கான பகுதியையும் அப்போது அவரே கவனித்தார். அவர் வேலை பார்த்த இடம், 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டம். பச்சையும் வெள்ளையுமாக இருந்த அந்தச் சின்ன மடிக்கணினியில் ஹார்டு டிஸ்க் கிடையாது. முதல் மாடலில் இருந்தது 1 ஜிபி ஃபிளாஷ் மட்டுமே. இந்தியாவில் அது 2007இல் மகாராஷ்டிரத்தின் கைராட் கிராமப் பள்ளியில் முன்னோட்டமாகக் குழந்தைகள் கைக்குப் போனது. இன்று கைபேசிச் சில்லைச் சோதிப்பவர்கள் கையாளும் கருவியின் வேர், கிராமத்துப் பிள்ளைகளுக்காக மடிக்கணினி செய்த ஒரு திட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

● நோக்கியா 6600 வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: பேட்டரியைக் கழற்றினால் உள்ளே ஒரு மெல்லிய அட்டை, 32 எம்பி. எம்எம்சி அட்டை அது. 1997இல் சான்டிஸ்க்கும் சீமன்ஸும் சேர்ந்து கொண்டுவந்த அட்டை வகை. அதே குடும்பம்தான் பிறகு போர்டிலேயே ஒட்டவைக்கப்பட்ட சில்லாகி, பெயருக்கு முன்னால் ஒரு 'இ' சேர்த்துக்கொண்டது.

● ஃபிளாஷ் நினைவகத்தைத் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா உலகுக்கு அறிவித்தது 1984இல். கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களை நடத்தும் அரசு ரப்பர் கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்ததும் அதே 1984இல். நமக்கு ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை. 'ஃபிளாஷ்' என்ற பெயர் மசுவோகாவின் சக ஊழியர் வைத்தது. மொத்தத் தரவும் ஒரே வீச்சில் அழிவது அவருக்குக் கேமராவின் பளிச்சென்ற வெளிச்சத்தை நினைவூட்டியதாம்.

● இனி, எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று எண்கள்: 267, 268, 269.

ஃபிளாஷ் சில்லின் ஒவ்வொரு அறையையும் குறிப்பிட்ட தடவைக்கு மேல் அழித்து எழுத முடியாது. பால்வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் மெல்லிய ஒரு சீவல் பட்டை போகிறது. பட்டை எவ்வளவு மிச்சம் என்பதை வைத்துத்தான் மரத்துக்கு இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குப் பார்ப்பார்கள். சில்லும் தன் பட்டைக் கணக்கைத் தானே எழுதிவைக்கிறது. இஎம்எம்சி 5.0 தரத்திலிருந்து 268, 269 ஆகிய இரு பைட்களில் அது இருக்கிறது. சில்லுக்குள் இரண்டு வகை அறைகள் இருக்கலாம் என்பதால் வகைக்கு ஒன்றாக இரண்டு.

மதிப்பு 1 என்றால் ஆயுளில் 10 சதவீதம் வரை செலவாகியிருக்கிறது. 2 என்றால் 10 முதல் 20. இப்படியே ஏறி 10 வந்தால் 90 முதல் 100. 11 வந்தால், தயாரிப்பாளர் மதிப்பிட்ட ஆயுள் தாண்டிவிட்டது. 267 வேறு கதை சொல்லும்: கெட்டுப்போன அறைகளுக்குப் பதிலாக ஒதுக்கிவைத்த மாற்று அறைகள் எந்த அளவுக்குத் தீர்ந்தன என்று. 1 இயல்பு, 2 வந்தால் 80 சதவீதம் தீர்ந்தது, 3 வந்தால் அவசரம்.

ஆயுள் முடிந்த சில்லுகளில் சில, இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று எழுதுவதை நிறுத்திவிடும். வாசிப்பு மட்டும் நடக்கும். கைபேசி மெசேஜை அழித்ததாகத் திரையில் காட்டும். சில்லில் ஒன்றுமே மாறியிருக்காது. அணைத்துப் போட்டால் பழையபடி எல்லாம் வந்து நிற்கும். அந்த அக்கா சொன்ன சீக்கு இதுதான்.

● இந்தத் தேய்மானம் காரையும் விடவில்லை. 2021 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. 2018 வரையிலான மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத் திரைக்குப் பின்னால் இருந்தது ஒரு 8 ஜிபி இஎம்எம்சி. கார் ஓடும்போதெல்லாம் அதில் எழுதிக்கொண்டே இருந்ததால் சில ஆண்டுகளில் தேய்ந்து தீர்ந்தது. திரை போனால் பின்பக்கக் கேமரா தெரியாது, கண்ணாடிப் பனி நீக்கும் வசதியும் போகும் என்பதால் அது பாதுகாப்புக் குறையாகக் கருதப்பட்டது. அத்தனை பெரிய வண்டி, நகத்தளவுச் சில்லில் போய் நின்றது.

● மேலே சொன்னவை எல்லாம் வாசிக்கும் இடம். இனி எழுதும் இடம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து நாகர்கோவில் வரை, போர்டு வேலை தெரிந்தவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் ஓர் இணை உண்டு: 179க்கு 48. சில்லை மாற்றிப் போட்ட பிறகு கைபேசி எழும்பவில்லை என்றால் பலர் முதலில் பார்ப்பது அங்கேதான். 179ஆவது பைட், எந்தப் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வது. ஹெக்ஸ் (பதினாறடிமான) கணக்கில் 48 என்பதைப் பிட்டாக விரித்தால் 01001000. நடுவில் இருக்கும் 001, முதலாவது பூட் பகுதியைத் தேர்ந்தெடுக்கிறது. இடப்பக்கம் தனியாக நிற்கும் 1, 'தொடங்கிவிட்டேன்' என்று சில்லு பதில் சொல்லச் சொல்கிறது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஹெக்ஸ் என்று காட்டும் முன்னொட்டைப் போடாமல் வெறும் 48 என்று கட்டளையில் தட்டினால் கருவி அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். தசம 48, ஹெக்ஸில் 30. பிட்டில் 00110000. அது சுட்டும் பூட் பகுதி என்று ஒன்று கிடையவே கிடையாது. நல்லவேளை, 179ஐ எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம்.

● 162ஐ அப்படித் திருத்த முடியாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

போர்டிலிருந்து சில்லுக்கு ரீசெட் கம்பி ஒன்று போகிறது. அந்தக் கம்பியைச் சில்லு மதிக்க வேண்டுமா என்று சொல்வது 162ஆவது பைட். புதுச் சில்லில் அது 0. அதாவது, தற்காலிகமாக மதிக்காது. 1 எழுதினால் நிரந்தரமாக மதிக்கும். 2 எழுதினால் நிரந்தரமாக மதிக்காது. 0விலிருந்து ஒரே ஒரு தடவைதான் நகர முடியும். 1க்கோ 2க்கோ போன பிறகு திரும்பும் வழி இல்லை.

மழை அளவு பதிவு செய்ய ஒரு சிறு கணினிப் பலகையை நான் தயார் செய்துகொண்டிருந்தேன். காடு ஓரம், இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், அடிக்கடி மின்சாரம் போகும். பலகை நடுவில் உறைந்தால் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்ய வேண்டும், அதற்கு 1 எழுத வேண்டும். விரல் 2இல் விழுந்தது. எண்டரும் அதே வேகத்தில் விழுந்தது. பலகை அன்றைக்கு நன்றாகவே ஓடியது. சில நாள் கழித்து அது உறைந்து, மறுதொடக்கம் செய்யப் பார்த்து, சில்லு பழைய நிலையிலேயே நின்றதால் எழும்ப முடியாமல் கிடந்தது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மின்சாரத்தைப் பிடுங்கிச் சொருகினால் எழும்பும். ஆனால் பிடுங்கிச் சொருக ஆள் இல்லாத இடத்துக்காகத்தானே அதைச் செய்தேன்? அந்த மழையின் நான்கு நாள் கணக்கு என்னிடம் இல்லை.

பால்வெட்டுக் கத்தி பட்டையைத் தாண்டித் தடியைத் தொட்டுவிட்டால் காயம் முண்டாகத்தான் ஆறும். அந்த இடத்தில் சீராக மறுபடி வெட்ட முடியாது. வெட்டிப் பழகியவர்களின் கை அந்த மிச்ச மில்லிமீட்டரில் தானே நின்றுவிடும். கட்டளை வரியில் அந்த நிதானம் நமக்குத் தானாக வராது. பழக்கிக்கொள்ள வேண்டும்.

● எந்த பைட்டைத் திருத்தலாம், எது ஒரு தடவைக்கானது என்று எப்படித் தெரியும்? ஜெடெக் அமைப்பு வெளியிட்ட தர ஆவணத்தில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத்துக்குறி போட்டிருக்கும். 'ஆர்', 'டபிள்யூ' என்று மட்டும் இருந்தால் ஒரே ஒரு தடவை எழுதலாம். கூடவே தனியாக 'இ' என்ற எழுத்தும் இருந்தால் திரும்பத் திரும்ப எழுதலாம், மின்சாரம் போனாலும் நிலைக்கும். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். எழுதும் முன் அந்த எழுத்தைப் பாருங்கள்; இந்தப் பத்தியில் நான் வேண்டிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

● சில்லின் ஒரு பகுதியை அதிகம் உழைக்கும்படி மாற்றலாம். ஓர் அறையில் இரண்டு பிட் வைப்பதற்குப் பதில் ஒன்று மட்டும் வைப்பது. இடம் பாதியாகும், ஆயுள் பல மடங்காகும். எம்எம்சி கருவியில் இதற்கென்று தனிக் கட்டளை இருக்கிறது. இதுவும் ஒரே தடவைதான். ஆனால் இங்கே கருவி ஓர் உதவி செய்கிறது: 'என்' என்ற கொடியோடு (கட்டளையோடு சேர்த்துத் தட்டும் குறி) ஓட்டினால் ஒத்திகை மட்டும் நடக்கும், 'ஒய்' கொடியோடு ஓட்டினால்தான் முத்திரை விழும். ஒத்திகை பார்க்கும் வழி இருக்கும் இடத்தில் பார்க்காமல் போகாதீர்கள்.

● ஹார்டு டிஸ்க்குக்கான பழைய கட்டளைக் கருவி எச்டிபார்ம். கனடாக்காரர் மார்க் லார்ட் எழுதியது. அதில் ஆபத்தான சில வேலைகளுக்கு நீளமான கொடியைச் சேர்த்துத் தட்டினால்தான் நடக்கும். ஒரு கொடியின் பொருள்: 'நான் செய்வது என்னவென்று எனக்குத் தெரியும்'. இன்னொன்றின் பொருள்: 'தயவுசெய்து என் டிஸ்க்கை அழித்துவிடு'. அந்த வாக்கியத்தை எழுத்து எழுத்தாகத் தட்டும் நேரத்துக்குள் ஒருவருக்குப் புத்தி வந்துவிடும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. எம்எம்சியின் எழுதும் கட்டளைக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று என் மழைக்கணக்கு போன நாளில் நினைத்தேன்.

● கம்ப்யூட்டரில் யுஎஸ்பி கார்டு ரீடர் வழியாகச் சொருகிய அட்டையிடம் இந்தக் கருவியைக் காட்டினால் பதில் வராது. ரீடர் நடுவில் நின்று, அட்டையைச் சாதாரண டிஸ்க்காக வேடம் போட்டுக் காட்டுகிறது. 6ஆம் கட்டளையும் 8ஆம் கட்டளையும் அதைத் தாண்டிப் போகாது. சில்லோடு நேரடியாகப் பேசும் இணைப்பு வேண்டும். கடைகளில் எஸ்டி அட்டை கேட்டு வாங்கி முயன்றாலும் பயனில்லை. எஸ்டி அட்டைக்கு எக்ஸ்ட்-சிஎஸ்டியே கிடையாது.

● சில்லின் பிறப்புச் சான்று 16 பைட். தயாரிப்பாளர் எண், ஆறு எழுத்தில் பெயர், வரிசை எண், பிறந்த மாதம், ஆண்டு. ஆண்டுக்கு ஒதுக்கியது நான்கே பிட், அதாவது பதினாறு ஆண்டுகள்தான். முதலில் 1997 முதல் 2012 வரை என்று வைத்தார்கள். அது தீரப் போனதும், பிந்தைய தரத்துச் சில்லுகளுக்கு அதே பதினாறு எண்களுக்கு 2010 முதல் 2025 வரை என்று புதுப் பொருள் கொடுத்தார்கள். ஆகவே பழைய கருவி ஒன்று 2013இல் பிறந்த சில்லைப் பார்த்து 1997 என்று சொன்னால் சில்லின் மேல் சந்தேகப்படாதீர்கள்.

● சில்லுக்குள் ஆர்பிஎம்பி என்று ஒரு பூட்டிய அறை இருக்கிறது. சாவி 32 பைட். ஒருமுறை எழுதினால் அந்தச் சாவிதான் ஆயுளுக்கும். மாற்றவும் முடியாது, வாசித்துப் பார்க்கவும் முடியாது. வேறு போர்டில் இருந்து கழற்றிய சில்லைப் போடும்போது எல்லாம் சரியாக இருந்தும் சில வசதிகள் அடம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

● எம்எம்சி அட்டையைக் கொண்டுவந்த சான்டிஸ்க்கை 1988இல் தொடங்கிய மூவரில் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. 2017 முதல் மைக்ரான் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி. குஜராத்தின் சனந்தில் நினைவகச் சில்லுகளைக் கோத்துச் சோதிக்கும் ஆலையை அந்த நிறுவனம் அறிவித்தது 2023இல்.

● உங்கள் கைபேசி கொஞ்சம் விலை கூடியது என்றால் உள்ளே இருப்பது யுஎஃப்எஸ் வகையாக இருக்கும். அதற்குப் பதிவேடு வேறு, கருவியும் வேறு: யுஎஃப்எஸ்-யுடில்ஸ். ஆயுள் கணக்கு மட்டும் அங்கேயும் உண்டு.

● சில்லுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு மின்சாரத்தை நிறுத்த ஓர் இடம் இருக்கிறது: 34ஆவது பைட். கைபேசியை முறையாக அணைக்கும்போது கருநிரல் அங்கே ஒரு மதிப்பை எழுதி, சில்லு கையில் இருக்கும் வேலையை முடிக்கும்வரை காத்திருக்கிறது. அதற்கு முந்திய 33ஆவது பைட், சில்லின் தற்காலிகச் சேமிப்பைத் திறக்கும் சாவி. திறந்திருந்தால் வேகம் கூடும். ஆனால் திடீரென்று மின்சாரம் போனால் அங்கே காத்துக்கிடந்தவை போய்விடும்.

படங்கள் முழுக்க இறங்கிய பிறகுதான் அந்தத் தம்பி கைபேசியின் முதுகைத் திறந்தார். தலைமுடிக் கனத்தில் எனாமல் பூசிய செம்புக் கம்பிகளைப் போர்டின் புள்ளிகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பற்றவைத்தார்: கட்டளை, கடிகாரம், தரவு, இரண்டு மின்சாரம், ஒரு தரை. ஆறு கம்பி. கம்பிகளின் மறுமுனையில் இருந்த வாசிப்புப் பெட்டி சில்லைப் படித்துத் திரையில் வரிசையாகக் காட்டியது. 267க்கு நேரே 3. 268க்கு நேரே 11.

"அக்கா, இதுல இனி ஒண்ணும் எழுதப்படாது. படம் எல்லாம் பத்திரமா இருக்கு. வேற போன்ல ஏத்தித் தாரேன்."

அவர் மடிக்கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, மணவறையில் மகள் தலைகுனிந்து நிற்கும் படத்தை விரலால் தொட்டுப் பெரிதாக்கப் பார்த்தார். அது தொடுதிரை இல்லை. தம்பி மவுஸை நகர்த்திப் பெரிதாக்கிக் கொடுத்தார்.